கேட்காதவர்களுக்குக் கேட்ட பாட்டு

டிரம்ஸ் வாசித்தவர் இறந்த பதினோராம் நாள், காலை பத்தே முக்கால் மணிக்கு, காது சோதனை அறைக்குள் உட்கார்ந்திருந்த தச்சர் ஒருவர் யாரும் அனுப்பாத ஒலிகளுக்கு நாற்பத்திரண்டு முறை பொத்தானை அழுத்தினார். அறைக்கு வெளியே கருவியில் இருந்த சின்னப் பச்சை விளக்கு நாற்பத்திரண்டு முறை எரிந்து அணைந்தது. கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. விளக்கு சும்மா எரிந்து அணையவில்லை, தாளத்தோடு எரிந்து அணைந்தது. அந்தத் தாளத்தை அந்த இழுப்போடு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளை அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது.

அவளுடைய வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மாடியில் காது மருத்துவமனை. அதன் கடைசி அறைக்குள் இன்னொரு அறை, ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் ஒரு சாண் தடிமனுக்குப் பஞ்சு அடைத்தது; கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்குத் தன் எச்சில் இறங்கும் சத்தம் கேட்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்போன், ஒயரில் தொங்கும் பொத்தான். வெளியே கண்ணாடி ஜன்னல், கருவி, அவள். அவள் ஓர் ஒலியை அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். தடித்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை ஒவ்வொன்றாக, சத்தத்தைக் குறைத்துக் குறைத்து அனுப்பிப் பார்த்து, வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று தாளில் போட்டுக்கொண்டே வருவாள். சில பேர் ஒன்றும் அனுப்பாமலே அழுத்துவார்கள். பயத்தில் அழுத்துவார்கள், என் காதுக்கு என்ன குறைச்சல் என்று காட்டும் வீம்பில் அழுத்துவார்கள். தொழிலில் அதற்குப் பொய் அழுத்தம் என்று பெயர். ஆளுக்கு மூன்று, நாலு வருவது சகஜம். நாற்பத்திரண்டெல்லாம் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கதவைத் திறந்து ஹெட்போனைக் கழற்றியதும் தச்சர் சிரித்தார். “என்னம்மா, நடுவுல டிரம்ஸ் எல்லாம் போட்டு விடுறீங்க? எதுக்கு அழுத்துறது, எதுக்கு விடுறதுன்னே தெரியலையே.” அவள் எதையும் போடவில்லை. கருவியில் அதற்கு வழியும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

நோயாளிகள் அவளைக் காதம்மா என்று கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். காதம்மாவுக்குப் பதினேழு வயதிலிருந்து ஒரே பைத்தியம்தான்: நால்வர் குழு. டிரம்ஸ்காரர், பேஸ் கிடார்காரர், பியானோக்காரர், பாடகர். மொத்தம் பதினொரு இசைத்தட்டு. ஒரே ஒரு முறை நேரில் கேட்கப் போனாள். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்து, மூன்று மணி நேரமும் டிரம்ஸ்காரரின் இடது கை மட்டும்தான் கண்ணில் பட்டது. அந்தக் கையைப் பார்த்தே வீடு திரும்பியவள் அப்புறம் இருபத்தைந்து வருடம் அதை மறக்கவில்லை. அவர் இறந்தபோது மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘நெருங்கிய உறவினர் மறைவு’ என்று எழுதினாள். டோக்கன் கொடுக்கும் அக்கா விடுவாளா? “யாரு, பெரியப்பாவா சித்தப்பாவா?” என்று துருவித் துருவிக் கேட்டு, விஷயம் தெரிந்ததும், “நல்லா இருக்கே கதை! அந்த ஆளுக்கு நீ ஒருத்தி இருக்கேன்னாவது தெரியுமாடி?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெரியாது. அதுதான் காதம்மாவின் வேதனையே. துக்கம் கேட்கப் போக ஒரு வீடு இல்லை, பிடித்துக்கொண்டு அழ ஒரு கை இல்லை, உனக்கு அவர் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு முறை இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திருட்டுத்தனமாக அழுவது போல அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

தச்சருக்குப் பிறகு அந்த வாரத்தில் ஒரு கடைசல்காரர், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் என்று வரிசையாக அதே தாளத்தை அழுத்தினார்கள். கருவி பழுதுபார்ப்பவர் வந்தார். ஒயரை மாற்றினார், பொத்தானை மாற்றினார், கடைசியில் கருவியையே மாற்றினார். புதுக் கருவியிலும் பச்சை விளக்கு அதே இழுப்போடு எரிந்தது. சரி, இது இப்படித்தான் போலிருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கு வாசலில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள்.

காதம்மாதான் அதன் விதியைக் கண்டுபிடித்தாள். காது நன்றாக இருப்பவர்களுக்கு அந்த அறையில் ஒன்றும் கேட்பதில்லை. எவருக்கு எந்த ஒலி செத்துப்போயிருக்கிறதோ, அந்த ஒலியின் இடத்தில்தான் கேட்டது. ரம்பத்தின் இரைச்சலில் கீச்சு ஒலியை இழந்த தச்சருக்கு அந்த இடத்தில் டிரம்ஸின் வெண்கலத் தட்டு அதிர்ந்தது. ஆசிரியைக்கு நடு ஒலி போயிருந்தது, அவருக்கு அங்கே பக்க டிரம். காது மெஷின் மாட்டிக்கொண்டவர்களுக்கோ அதோடு முடிந்தது, அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாலும் பிறகு கேட்பதில்லை. தச்சர் அடுத்த வருடம் மெஷினோடு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்து, “இன்னைக்கு ஒண்ணும் இல்லையாம்மா?” என்று ஏமாந்து போனார். காதம்மா எத்தனையோ மதியம் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குப் பாம்புச் செவி. மூன்றாவது வீட்டில் தீக்குச்சி உரசினால் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த அறையில் தன் இதயம் அடிப்பது மட்டும்தான் கேட்டது.

மூன்று வருடம் கழித்துப் பேஸ் கிடார்காரர் இறந்தார். பதினோராம் நாளிலிருந்து தடித்த ஒலியை இழந்தவர்களும் பொய்யாக அழுத்த ஆரம்பித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பியானோக்காரர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மூன்று முறையும் காதம்மா மூன்று மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். மூன்று முறையும் அதே காரணத்தை எழுதினாள். பாடகர் மட்டும் மிச்சம். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

காதம்மா நோயாளிகளை மெல்ல விசாரிப்பாள். என்ன கேட்டது, எப்படிப் போனது, கொஞ்சம் முனகிக் காட்டுங்களேன். காது மந்தமானவர்கள் முனகுவது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சேர்த்துச் சேர்த்து ஒன்று அவளுக்குத் தெளிவாயிற்று: அது பதினொரு தட்டிலும் இல்லாத பாட்டு. செத்துப்போனவர்கள் பழையதை வாசித்துக்கொண்டிருக்கவில்லை, புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவில் ஓர் இடம் வரும். மூன்று வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும், ஆறேழு விநாடிக்கு ஒன்றுமே இருக்காது. அந்த நேரம் அறைக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும், கடைசல்காரரோ ஆசிரியையோ, இடது பக்க மூலையை மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்கள். கதவு திறந்து யாரோ உள்ளே வரப்போவது போலப் பார்ப்பார்கள். அந்த மூலையில் பஞ்சுச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. எதற்குத் திரும்பினீர்கள் என்று பிறகு கேட்டால், நான் எங்கே திரும்பினேன் என்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதம்மா அதைப் பார்ப்பாள். அது யாருக்காக விட்ட இடம் என்று அவளுக்குத் தெரியும்.

இனி அவள் வீட்டுக்காரரைப் பற்றி. அவர் பாட்டில் கம்பெனியில் லைன் மெக்கானிக். கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் நீளமான பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருபத்துமூன்று வருடம் நின்றவர். அந்த இரைச்சல் அவர் காதை எல்லா ஒலியிலும் ஒரே சீராக அரித்துத் தின்றிருந்தது. நால்வர் குழுவின் மேல் அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. உன் மாப்பிள்ளைகள் என்றுதான் சொல்வார். பியானோக்காரர் செத்த அன்று, “மூணாவது மாப்பிள்ளையும் போயிட்டாரா? பாவம்மா நீ” என்று சொல்லி, அவளுக்காகத் தானே சமைத்தார். பியானோக்காரர் செத்த வருடம்தான் கம்பெனி ஆட்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை காது சோதனை என்று வைத்தார்கள், அதைச் செய்ததும் இந்த மருத்துவமனைதான். அந்த வருடம் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்த விதத்தைப் பார்த்துக் காதம்மா எழுந்து நின்றுவிட்டாள். மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகக் கேட்டது அவருக்கு முழுசாகக் கேட்டது. மூன்று பேரும் ஒன்றாக அவருக்குள் வாசித்தார்கள்.

பொய் சொல்வானேன், அந்த வருடம் காதம்மா செய்ததை எந்தச் சோதனைக்காரியும் செய்திருக்க மாட்டாள். சட்டப்படி அவருடைய தாளில் ‘கேட்கும் திறன் குறைவு’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் கம்பெனி அவருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்து ஸ்டோர் பக்கம் மாற்றிவிடும். மெஷின் வந்தால் பாட்டு போய்விடும். அவள் அழித்தோ திருத்தியோ எழுதவில்லை, அதற்கு அவள் மனசு ஒப்பாது. அந்தத் தாளம் அவளுக்கு அத்துப்படி அல்லவா? அவர் பொத்தானை அழுத்தப்போகும் கணம் பார்த்து அவள் ஒலியை அனுப்பினாள். அவர் அழுத்தியது பாட்டுக்குத்தான்; ஆனால் ஒலி போனதும் விளக்கு எரிந்ததும் ஒரே நேரம். விளக்கு எரிந்தால் குறி போட வேண்டியதுதானே. சிவப்பு வட்டங்களும் நீலக் குறிகளும் தாளின் மேல்வரியில், நல்ல காதுக்கான இடத்தில், ஒழுங்காக உட்கார்ந்தன. ‘இயல்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏழு வருடம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவமனை பூட்டியிருக்கும், சாவி அவளிடம் இருந்தது. ஒன்பது மணிக்கு இருவரும் போவார்கள். அவர் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து அழுத்துவார், வெளியே வந்து முனகிக் காட்டுவார். இழுத்துக்கொண்டு, சுதி இல்லாமல், அதே இடத்தைப் பத்துத் தரம் முனகுவார். “இப்படி இல்லடி… கொஞ்சம் ஏறும்… இரு, இரு” என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடுவார். அவள் எழுதிக்கொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒரு மணி நேரம் கண்கொட்டாமல் அவர் முகத்தைப் பார்த்தது அந்த ஞாயிறுகளில்தான். அவருக்கு அது பிடித்திருந்தது என்று தோன்றுகிறது. வேலைக்குப் போகும் சட்டையை விடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு நல்ல சட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

வீட்டில் மட்டும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அழைப்பு மணி போயிற்று, தொலைபேசி போயிற்று, மகள் வெளியூரிலிருந்து பேசும்போது “நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்” என்று கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிடுவார். காதம்மா ஏதாவது சொன்னால், “என்ன?” என்பார். அவள் திரும்பச் சொல்வாள். மறுபடியும் “என்ன?” என்பார். “ஒண்ணுமில்ல” என்று விட்டுவிடுவாள். வருடம் போகப் போக அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்ட வார்த்தை ஒண்ணுமில்லைதான். ஒருநாள் காலை காபியை ஆற்றிக்கொண்டே அவரே வாய் திறந்தார்.

“எனக்கும் ஒரு மெஷின் போட்டு விட்டுடேன்மா. நீ பேசுறது சுத்தமா கேக்க மாட்டேங்குது. வாய் மட்டும் அசையுது, மீன் தொட்டியைப் பாக்குற மாதிரி இருக்கு.”

“போடலாங்க. பாட்டு முடியட்டும்.”

அதை அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். “பாட்டு எப்போ முடியும்?”

அவள் அடுப்பைத் துடைக்கத் திரும்பினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ அந்தப் பாட்டுக்காரர் எப்போ சாவார்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து காத்துட்டு இருக்கோம். அப்படித்தானே?”

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, உண்மையைச் சொன்னால் வரும் கோபம். நாக்கு அழுகிப்போகும், அப்படிச் சொல்லாதீர்கள் என்று கத்தினாள். அது அவருக்குக் கேட்கவில்லை. பாடகர் நீடூழி வாழ வேண்டும் என்று தினமும் காலையில் எழுந்ததும் வேண்டிக்கொள்பவள் அவள். வேண்டிக்கொண்ட கையோடு செய்தியில் அவர் பெயர் வருகிறதா என்று பார்ப்பவளும் அவளேதான். உண்மையாகவே வேண்டினாள், உண்மையாகவே காத்தும் இருந்தாள். பாடகருக்கு அப்போது எண்பத்துமூன்று. அவர் பாட்டுக்குத் தெம்பாக இருந்தார்.

ஆறாவது வருடத்தில் ஒரு ஞாயிறு, நடுவில் வரும் அந்தக் காலி இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்று அழுத்தம், ஒரு சின்ன இடைவெளி, இரண்டு அழுத்தம், கடைசியில் ஒன்று மட்டும் தாமதமாக, ஓடிவந்து சேர்ந்துகொண்டது போல. காதம்மா பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். பாடகர் செத்துவிட்டாரா? வீட்டுக்காரர் அசடு வழிந்தார்.

“அது நான்தான். சும்மா அழுத்துனேன்.”

“நீங்களா? ஏன்?”

அவள் வாயை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எத்தனை வருஷமா அந்த இடம் காலியாவே கிடக்கு. அவங்களும் பாவம், நிறுத்தி நிறுத்திப் பாக்குறாங்க, யாரும் வர மாட்டேங்குறாங்க. எனக்கே சங்கடமா இருந்துச்சு.”

“அது அவங்க பாட்டு. நீங்க கையை வைக்காதீங்க!” என்று அவள் விரலை ஆட்டிச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறும் அழுத்தினார். அதற்கடுத்த ஞாயிறும். மூன்று, இடைவெளி, இரண்டு, தாமதமாக ஒன்று. கண்ணாடி வழியே அவள் முறைப்பாள், அவர் பொத்தானை மறைத்துக்கொண்டு திருட்டுப் பையன் போலச் சிரிப்பார். அந்தக் கடைசி அழுத்தம் எப்போதும் பிந்திதான் வந்தது. அவர் எதிலும் அப்படித்தான். ஒரு கூட்டத்தில் எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு கேட்கும் ஒற்றைத் தட்டு அவருடையது. அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தை மட்டும் அவள் எழுதவில்லை.

ஏழாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, முன்பகல் பதினொன்று இருபதுக்கு ஒரு தையற்காரி சோதனைக்கு வந்தாள். புது ஆள், ஊருக்கே புதுசு. டிரம்ஸ் வந்தது, பேஸ் வந்தது, பியானோ வந்தது. காதம்மா வழக்கம்போல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் நின்றன. தையற்காரி இடது பக்கம் திரும்பவில்லை. நேராகக் கண்ணாடியைப் பார்த்து, காதம்மாவைப் பார்த்து, மூன்று முறை அழுத்தினாள். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு முறை அழுத்தினாள். பிறகு, கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு அவசரமாகப் பொத்தானை எடுத்து அழுத்துவது போல, தாமதமாக ஒன்று.

அந்த அறையில் உயிரோடு இருப்பவர்கள் யாரும் வாசித்ததில்லை. அது காதம்மாவுக்குத் தெரியும், இத்தனை வருடமும் செத்தவர்கள்தான் அங்கே வாசித்திருக்கிறார்கள். அவள் கம்பெனிக்குப் பேசத் தொலைபேசியை நோக்கிப் போனாள். அவள் எடுப்பதற்குள் அதுவே அடித்தது. டோக்கன் அக்காதான் எடுத்துக் கேட்டாள், கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் பதினொன்றே கால் மணிக்குப் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். பெட்டி தூக்கும் வண்டி பின்பக்கமாக வந்தது. வண்டி கீச் கீச்சென்று கத்திக்கொண்டேதான் வந்தது, அந்தக் கூடத்தில் இருந்த பதினாறு பேருக்கும் கேட்டது. ஓட்டுநர் ஹாரனையும் அடித்தார். வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. கடைசி வரை ஏதோ முனகிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார் என்று பக்கத்தில் இருந்தவர் அழுதார். மற்ற மூவரும் அந்த அறைக்கு வந்து சேரப் பதினோரு நாள் பிடித்தது, ஞாயிறுதோறும் போய்ப் பழகியவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

கம்பெனி விசாரணை வைத்தது. இறந்தவருடைய ஏழு வருடத்துக் காதுச் சோதனைத் தாள்களையும் எடுத்துப் பார்த்தார்கள். ஏழிலும் இயல்பு என்று இருந்தது. நன்றாகக் காது கேட்கிற ஆள், அத்தனை சத்தத்தில் திரும்பவில்லை என்றால் அது அவருடைய கவனக்குறைவு என்று எழுதப்போனார்கள். காதம்மா விசாரணை அறைக்குள் போய் நின்றாள். “அவருக்குக் கேக்காது” என்றாள். “ஏழு வருஷமா கேக்காது. அந்தக் கையெழுத்தெல்லாம் என்னோடது. பொய்க் கையெழுத்து. அவர் மேல ஒரு எழுத்துகூட எழுதாதீங்க.” எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பாட்டுக்காக என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் உரிமையை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் ஒன்றும் முறையிடவில்லை. மருத்துவர் அவளை வெளியே அனுப்ப மனமில்லாமல், கருவியை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள், கையெழுத்தை நான் போடுகிறேன் என்றார்.

வீட்டில் அவளுக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று என்று சொல்ல முடியாது, முன்பும் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் இப்போது அவள் பேசினாள். சமையலறையில் நின்றுகொண்டு, விட்டுப்போன ஒண்ணுமில்லைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அன்றைக்கு நான் சொன்னது மழை வருகிறது என்று. அன்றைக்குச் சொன்னது மகளுக்குச் சளி என்று. அன்றைக்கு உங்கள் சட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னாள். சம்பவத்துக்கு முன் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாமே, காதருகில் போய்க் கத்தியாவது சொல்லியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? மருத்துவமனையில் தினமும் நாலைந்து பேர் அவள் கண்ணெதிரே அவர் தட்டியதை அழுத்தினார்கள். ஒரு நாள்கூட அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பதினோரு மாதம் கழித்துப் பாடகர் இறந்தார். எண்பத்தைந்து வயது. உலகமெல்லாம் அழுதது, செய்தியில் பழைய படங்களைப் போட்டார்கள். காதம்மா அன்று விடுப்பு எடுக்கவில்லை. பதினோராம் நாளிலிருந்து காலி இடத்துக்குப் பின்னால் ஒரு குரல் சேர்ந்தது, பாட்டு முழுதாயிற்று. கேட்டு வெளியே வந்த ஒரு கொத்தனார் படியில் உட்கார்ந்துகொண்டு, யாராவது கூப்பிட்டு வரும்வரை எழுந்திருக்க மறுத்துவிட்டார். காதம்மா நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தை எழுதினாள், முன்பு எழுதாமல் விட்டதையும் சேர்த்து.

இது ஒரு மருத்துவமனையின் சமாச்சாரம் இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எல்லா ஊர்களிலும் காதுச் சோதனைக்காரர்கள் தங்கள் கருவிதான் பழுது என்று நினைத்து வெட்கப்பட்டு இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாட்டு முழுதானதும் அவர்களுடைய சங்க இதழில் ஒருவர் எழுதினார், அடுத்த மாதம் முப்பது பேர் எழுதினார்கள். ஆறு மாதத்துக்குள் சோதனை விதிகளில் ஒரு வரி சேர்த்தாயிற்று: உள்ளே பாட்டு ஆரம்பித்தால் அது முடியும்வரை ஒலி அனுப்பக் கூடாது, நாலு நிமிடம் பத்து விநாடி பொறுக்க வேண்டும். ரசிகர் கூட்டங்களும் தொடங்கிவிட்டன. காது மந்தமானவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள்.

ஒரு விஷயம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. நால்வர் குழுவில் நாலு பேர். பாட்டிலோ ஐந்து பேர் இருந்தார்கள். வாத்தியங்கள் நின்றதும் மூன்று, இரண்டு என்று தட்டிவிட்டுத் தாமதமாக ஒரு தட்டுத் தட்டும் அந்த ஐந்தாவது ஆள் யார்? பழைய பேட்டிகளைப் புரட்டினார்கள், பக்கவாத்தியம் வாசித்தவர்களின் குடும்பங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார்கள். அதைவிட விநோதம், அந்தக் கடைசித் தட்டு வரும்வரை பாடகர் ஆரம்பிப்பதில்லை. எந்த ஊரிலும், எந்தக் காதிலும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார், அது வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். தாமதமாக வரும் அந்த ஒன்றைப் பிழை என்று விட்டுவிடுவதா, சேர்த்துக்கொள்வதா என்று தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என இதழில் ஒரு குறிப்பு வந்தது.

காதம்மா அஞ்சலட்டையில் பதில் எழுதினாள். அது பிழை இல்லை. பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தவர், என் வீட்டுக்காரர், எங்கே போனாலும் கொஞ்சம் பிந்திதான் வருவார். அவரை விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளவும். இதழில் அதை அடுத்த மாதமே போட்டார்கள். அதிலிருந்து எல்லா ஊர்களிலும் அவரைச் சேர்த்தேதான் எழுதிக்கொள்கிறார்கள்.